கோலாலம்பூருக்கு மௌத்துச் சொல்லப் போன பயணம்

எனக்கு மூத்தவரு சலீம் காக்கா மௌத்தாகி, அடக்கி நாலு மாசத்துக்குப் புறகு, அந்தச் செய்தியச் சொல்றதுக்கு நான் கோலாலம்பூருக்குப் போனன். ஒரு தந்தி அடிச்சிருந்தா ரெண்டு நாள்ல போயிருக்கும். அத எனக்கு அங்க போன புறகுதான் ஒராள் சொன்னாரு.

எங்கட ஊரு மருதமுனை. கல்முனைக்குப் பக்கத்துல, கடக்கரை ஊரு. எந்த ஊட்டுக்குப் போனாலும் தறிச் சத்தம். நான் அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்த உட்டுட்டு, இடுப்புல கட்டுற சாரன் நெய்ய வந்த ஆள். எழுத்துல பிழை இருந்தாப் பொறுத்துக்கங்க. பார்த்தத, கேட்டத அப்பிடியே எழுதுறன்.

காக்கா கொழும்புல ஒரு துணிக்கடையில ரெண்டு வருசம் நிண்டவரு. அங்க ஹாபருக்கு வந்த மலாய்க் கப்பல் பொடியனுகளோட பழகி, ஒரு பிரம்புப் பந்தோட ஊருக்கு வந்தாரு. பிரம்பால பின்னின பந்து, உள்ளுக்கு ஒண்டுமில்ல, காத்துதான். கையால தொடப்படாது. காலால, முழங்காலால, தலையால அடிச்சி வலைக்கு மேலால அந்தப் பக்கம் போடோணும். பக்கத்துக்கு மூணு பேர். கடக்கரையில ரெண்டு தென்னைக்கு நடுவுல மீன் வலையக் கட்டி பொடியனுகளுக்குப் பழக்கினாரு. பந்து பிஞ்சா நூலாலயும் பிரம்பாலயும் எங்கட ஆக்களே பின்னிக்குவாங்க. பின்னுறது எங்கட ஊருக்குப் புதிசில்லயே.

காக்கா வெளையாட்டோட நிக்கிற ஆளில்ல. கோலாலம்பூர்ல அந்தப் பந்தாட்டத்துக்கு ஒரு தேசியச் சங்கம் இரிக்கி எண்டு கேள்விப்பட்டு, ஒரு பள்ளிக்கூட மாஸ்டரப் புடிச்சி இங்கிலீசுல கடுதாசி போட்டாரு. பதில் வந்திச்சி. "உங்கட நாட்டுக்கும் ஒரு சங்கம் வைங்க. மூணு ஊருல குழு இருந்தாப் போதும். நாங்க அங்கீகாரம் தாறம், பந்து தாறம், பழக்கிறதுக்கு ஆள் அனுப்புறம்."

அதுக்குப் புறகு ஆளப் புடிக்க ஏலா. இலங்கை முழுசுக்குமான சங்கம் எங்கட ஊட்டு விறாந்தையில, என்ட தறிக்குப் பக்கத்துல தொடங்கிச்சி. கல்முனையில ரப்பர் முத்திரை வெட்டுவிச்சாரு. தலைவர் அவரே.

"நீ செயலாளரா இரிடா" எண்டாரு என்னப் பார்த்து.

"காலால பந்தடிக்கிற சங்கத்துக்கு நானா? வேற பேயனப் பாருங்க காக்கா."

சிரிச்சாரு. அவர் எதுக்கும் சிரிக்கிற ஆள்.

மருதமுனையும் சாய்ந்தமருதும் சரி வந்திச்சி. மூணாவது ஊருக்காக ஒருநாள் சைக்கிள்ள சம்மாந்துறைக்கு வெளிக்கிட்டாரு. "வாடா, கதைச்சிக் கதைச்சிப் போவம்" எண்டு கூப்பிட்டாரு. தறியில பாவு ஏத்திட்டு இருந்தன். போகல்ல. சம்மாந்துறைப் பொடியனுகள் ஒத்துக்கிட்டு ஒம்பது பேர் கையெழுத்துப் போட்ட தாளக் கமிசுச் சட்டைப் பையில வெச்சிக்கிட்டு கிறுகி வரக்குள்ள, நெல் மூட்டை ஏத்தி வந்த ட்ரெக்டர் ஒண்டு அடிச்சிட்டுது. அவ்வளவுதான். தாள்ல ரெத்தம் படல்ல.

ஏழாம் நாள் கத்தம் ஓத ஊட்டுல சனம் நிறைஞ்சிருக்கக்குள்ள, காக்காட பேருக்கு மலேசியாக் கடுதாசி ஒண்டு வந்திச்சி. நான்தான் வாங்கினன். ஒடைக்கல்ல. ஒடைச்சா வாசிக்கோணும், வாசிச்சாப் பதில் போடோணும், பதில் போட்டா மௌத்த எழுதோணும். எங்கட பக்கத்துல மௌத்தக் கடுதாசியில எழுதுறல்ல. ஆள் போகோணும். ஊருல ஒராள் கண்ண மூடினா, சம்மாந்துறைக்கு ரெண்டு பேர், இறக்காமத்துக்கு ரெண்டு பேர் எண்டு சைக்கிள எடுத்துக்கிட்டுப் போவாங்க. போற ஆள் சொல்லி முடியுமட்டும் அந்த ஊட்டுல குந்தமாட்டார், தண்ணி குடிக்கமாட்டார். எங்கட வாப்பா அப்பிடித்தான் எங்களப் பழக்கின.

"அந்த மலாய்க்காரங்க உன்ட காக்காவ மதிச்சிக் கடுதாசி போட்ட ஆக்கள். ஆள் போய்த்தான் சொல்லணும் மனே" எண்டாரு வாப்பா.

"நான் போறன் வாப்பா" எண்டன். அண்டைக்கு அது பெரிய கதையாத்தான் எனக்கே கேட்டிச்சி. பாஸ்போட் கைக்கு வர மூணு மாசம் போச்சி. டிக்கட் வந்த விதம் வேற கதை, அத உடுவம்.

நாடு அப்ப நல்லா இருக்கல்ல. கொழும்பு பஸ்ஸில போகக்குள்ள அஞ்சாறு எடத்துல எறக்கி ஏத்தினாங்க. கடைசியா ஒரு ஆமிப் பொடியன் என்ட பேக்கக் கொட்டச் சொன்னான். ஒடைக்காத கடுதாசி, சம்மாந்துறைத் தாள், நான் நெய்த சாரன் ஒண்டு, பிரம்புப் பந்து. பந்தக் கையில எடுத்து ஓட்டைக்குள்ளால பார்த்தான். காதுக்குக் கிட்ட வெச்சி ஆட்டினான். எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல "பந்து, காலால அடிக்கிற" எண்டன். சப்பாத்துக் காலால ஒரு தட்டுத் தட்டினான், அது ரோட்டால உருண்டு போச்சி. மறுகா அவனே ஓடிப் போய் எடுத்து வந்து, தூசியத் தட்டித் தந்தான். என்ட வயசுதான் இருக்கும்.

கோலாலம்பூர்ல எறங்கினா எங்கட ஊரு வெக்கைதான், ஆனா வேர்வை காயுதில்ல. விலாசம் எழுதின துண்ட டெக்சிக்காரனுக்குக் காட்டினன். அவன் ஓம் ஓம் எண்டு தலையாட்டி ஒரு பெரிய மைதானத்துக்கு முன்னால எறக்கிட்டுப் போயிட்டான். அது உதைபந்து மைதானம். வாசல்ல இருந்தவன் துண்டப் பார்த்துட்டு, கையால தூரத்தைக் காட்டினான். எவ்வளவு தூரம் எண்டு கேக்க எனக்குப் பாசையில்ல. நடந்தன். மழை வந்திச்சி. அங்கத்தய மழை அறிவிச்சிட்டு வாறல்ல, மேலால கொட்டுது. பந்த மட்டும் சாரனுக்குள்ள சுத்திக்கிட்டு ஒரு சாப்பாட்டுக் கடையில ஒதுங்கினன்.

"தம்பி, உள்ள வாங்க. அங்க ஒழுகும்."

தமிழ்! என்ட உசிரு திரும்பி வந்திச்சி. ரொட்டிக் கல்லுக்குப் பின்னால ஒரு மனிசன், தொப்பியும் பெனியனுமா, மாவ வீசிக்கிட்டு நிண்டாரு. பேர் காதர். ராமநாதபுரத்துப் பக்கத்து ஆள், வந்து இருவது வருசமாம்.

"எந்த ஊரு தம்பி? பேச்சு ஒரு தினுசா இருக்கே."

"சிலோன். கல்முனைப் பக்கம்."

"சிலோன்ல முஸ்லிம்களும் தமிழா பேசுறீக?"

"ஓம். உம்மாட வயித்துக்குள்ள இருந்தே அதான் கதைக்கிறம்."

சிரிச்சாரு. ஊருல எண்டா அந்த வயசு ஆளக் காக்கா எண்டுதான் கூப்பிடோணும். அந்தச் சொல்லு எனக்கு வாயில வரல்ல. கொழும்பு ஆக்கள் மாதிரி நானா எண்டு கூப்பிட்டன். அண்டையில இருந்து ஊருக்கு வருமட்டும் அவர்தான் எனக்கு நாக்கும் காதும்.

எங்கட வீச்சு ரொட்டியத்தான் அவங்க வேற பேர் சொல்லி, பருப்பு ஆணத்தோட தாறாங்க. எங்கட ரொட்டியவிட மெலிசு. தேத்தண்ணிய ஒரு கோப்பையில இருந்து மத்தக் கோப்பைக்கு ரெண்டு முழ ஒசரத்துல இருந்து ஊத்துறாங்க, ஒரு சொட்டுச் சிந்துறல்ல. விடியத் தேங்காப்பால் சோறு, மேல நெத்தலிப் பொரியல், கொஞ்சம் சம்பல், வாழையிலையில பொட்டலமா. எங்கட பாற்சோத்த நெனச்சி வாயில வெச்சன், சம்பல்ல சீனி போட்டிருக்காங்க. சம்பல்ல சீனி போடுற நாட்டுல நான் என்னத்தச் சொல்லி என்னத்த வெளங்கப்படுத்துறது எண்டு யோசிச்சன்.

கடைக்கு மேல வேலைக்காரர் படுக்கிற அறையில எனக்கும் ஒரு பாய் தந்தாரு காதர் நானா.

அடுத்த நாள் அவரே கடைய மச்சானுக்கிட்ட உட்டுட்டு என்னோட வந்தாரு. தேசியச் சங்கம் எண்டா நான் பெரிய வாசலும் காவலாளியுமா ஒரு கட்டடத்தத்தான் நெனச்சிருந்தன். பள்ளிக்கூட மைதானமொண்டுல ஆட்டம் பாக்கிறவங்க குந்துற படிக்கட்டுக்குக் கீழ ஒரு அறை. கூரை படி படியா எறங்குது, குனிஞ்சிதான் போகோணும். ஒரு மேசை, டைப்ரைட்டர், சாக்குல பிரம்புப் பந்து, சுருட்டின வலை. எங்கட விறாந்தைக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசமில்ல. காக்கா இதக் கண்டிருந்தா எப்பிடிச் சந்தோசப்பட்டிருப்பாரு எண்டு நெனச்சி வாசல்லயே நிண்டுட்டன்.

செயலாளர் பேர் ஹாசிம். ஓய்வு பெத்த பள்ளிக்கூட வாத்தியார். எல்லாரும் பாக் ஹாசிம் எண்டு கூப்பிடுறாங்க, பாக் எண்டா வாப்பா மாதிரி ஒரு மரியாதை. சிலோன் எண்டு கேட்ட ஒடனே கதிரைய இழுத்துப் போட்டாரு. ஒரு பொம்புளைப் புள்ள தேத்தண்ணி கொண்டு வந்து வெச்சிச்சி.

நான் குந்தல்ல.

"உக்காரச் சொல்றாரு தம்பி" எண்டாரு காதர் நானா.

"சொல்லிட்டுத்தான் நானா குந்தலாம்."

"தண்ணியாவது குடிங்க, மூஞ்சி வெளுத்திருக்கு."

"அதும் சொல்லிட்டுத்தான்."

பாக் ஹாசிம்ட முகம் சுருங்கிச்சி. நான் கோவத்துல வந்திருக்கன் எண்டு நெனச்சிட்டாரு. காதர் நானாட காதுல மலாயில என்னமோ கேட்டாரு. புறகுதான் வெளங்கிச்சி, "நாங்க என்ன பிழை செய்தம் எண்டு கேளு" எண்டாராம்.

"சலீம் காக்கா மௌத்தாகிட்டாரு. நாலு மாசம். நான் தம்பி. அதச் சொல்லத்தான் வந்தன்."

காதர் நானா அத மலாயில சொல்லி முடிக்க முன்னமே பாக் ஹாசிம் எழும்பிட்டாரு. மௌத்தக் கேட்டா ரெண்டு நாட்டுலயும் சொல்ற இன்னாலில்லாஹி அவர் வாயில வந்திச்சி, அதுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்ல. மேசையச் சுத்தி வந்து என்ட ரெண்டு தோளயும் புடிச்சாரு. புறகு நான் குந்தினன். தேத்தண்ணி ஆறிப் போயிருந்திச்சி, குடிச்சன்.

கடுதாசிய எடுத்து நீட்டினன். ஒடைக்காத உறையப் பார்த்தாரு, என்னப் பார்த்தாரு. அவர் ஒட்டின பசைய அவரே கிழிச்சி, அவர் எழுதினத அவரே எனக்கு வாசிச்சாரு. காதர் நானா சொல்லச் சொல்லக் கேட்டன்.

"தம்பி சலீமுக்கு. கொழும்புல இருந்து இன்னொரு கூட்டமும் அங்கீகாரம் கேட்டிருக்கு. ஒரு நாட்டுக்கு ஒரு சங்கம்தான். நீதான் முதல்ல எழுதின, ஒனக்குத்தான் முதல் உரிமை. மூணாவது ஊருட பேர அடுத்த மாச முடிவுக்குள்ள அனுப்பிரு. வரல்லெண்டா என்னால ஒண்டும் செய்ய ஏலாது. சுறுக்கா எழுது."

நான் பேக்குக்குள்ள இருந்து சம்மாந்துறைத் தாள எடுத்து மேசையில வெச்சன். ஒம்பது கையெழுத்து. அவர் திகதியப் பார்த்தாரு. கண்ணாடியக் கழட்டிட்டு மறுகாப் போட்டுப் பார்த்தாரு.

"இது அப்பவே இருந்ததா?"

"ஓம். கமிசுப் பையில இருந்திச்சி."

"நான் ரெண்டு மாசம் கூடக் காத்திருந்தன். ஒரு சத்தமும் இல்ல. சலீமுக்கு இதுல ஆசை உட்டுப் போச்சி எண்டு நெனச்சன்." அப்பிடிச் சொல்லிட்டு சாக்குப் பந்துகளப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. "செவ்வாக்கிழமை கூட்டம். கொழும்புக்குக் குடுக்கிறதுதான் தீர்மானம்."

வெளிய வந்த புறகுதான் காதர் நானா கேட்டாரு. "ஒரு தந்தி அடிச்சிருக்கலாமே தம்பி? ரெண்டே ரெண்டு வரி."

"எங்கட பக்கத்துல மௌத்தத் தாள்ல அனுப்புறல்ல நானா."

"சரிதான். ஆனா ஊரு பேர அனுப்பலாமே. அது மௌத்து இல்லயே."

நாலு மாசமா ஊருல ஒராளும் எனக்கிட்ட அதச் சொல்லல்ல. எனக்கும் தோணல்ல. எல்லாரும் என்ட முதுகத் தட்டி, "தம்பி எண்டா இப்பிடி இருக்கோணும்" எண்டுதான் சொன்னாங்க.

காதர் நானா எங்கட வழமைய வெளங்கப்படுத்த, பாக் ஹாசிம் ஒரு வழி யோசிச்சாரு. கூட்டத்துக்கு முன்னம் கமிட்டி ஆக்களுட ஊட்டுக்கு நேர போய் நானே மௌத்தச் சொல்றது. "உங்கட வழமை அதுதானே, அதுப்படியே செய்வம்" எண்டாரு. அவர்ட பழைய ஸ்கூட்டர்ல அவரும் நானும், பின்னால பஸ்ஸில காதர் நானா. தலைவர்ட ஊடு ஊருக்கு வெளிய. பாதி வழியில சங்கிலியோ என்னமோ கழண்டு, வாத்தியாரும் நானும் ஸ்கூட்டரத் தள்ளிக்கிட்டுப் போறம். காதர் நானா போற பஸ் எங்களத் தாண்டிப் போகுது, அவர் கண்ணாடிக்குள்ளால கையக் காட்டுறாரு. அந்த பஸ்ஸில ரெண்டு மலாய்ப் பொம்புளைகள் எங்களப் பார்த்துக் கதைச்சத அவர் புறகு சொல்லிச் சிரிச்சாரு.

"பாரு, மருமகன் வயசான மாமாவயும் தள்ள வெக்கிறான்."

"மருமகன் இல்லடி. கெழவன் தவணை கட்டல்ல, அவன் ஸ்கூட்டரப் புடுங்க வந்திருக்கான்."

தலைவர் முந்தி பொலிசுல இருந்த பெரிய உடம்புக்காரர். பாக் ஹாசிம் முன்னமே சொல்லி வெச்சிருக்காரு போல, நான் குந்தாம நிக்க அவரும் குந்தல்ல. பொஞ்சாதி, மகள், மருமகன் எல்லாரும் நிண்டாங்க. நான் தமிழ்ல சொன்னன், காதர் நானா மலாயில சொன்னாரு. அதுக்குப் புறகு எல்லாரும் ஒண்டாக் குந்தினம். பொஞ்சாதிக்காரி மீன் ஆணம் ஊத்தினா. புளி கூடுதல், கறிவேப்பிலைக்குப் பதிலா வேற என்னமோ இலை. உம்மாட சமையல் மாதிரி இல்ல, ஆனா தட்டுல திரும்பத் திரும்பப் போட்ட விதம் உம்மா மாதிரித்தான்.

சாப்பிட்ட புறகு தலைவர் சொன்னாரு. "கொழும்புக்குக் குடுத்தா அவங்க வெச்சதுதான் சட்டம். உங்கட ஊருப் பொடியன் வெளையாடுறதும் உடுறதும் அவங்கட கையில. எனக்கு அது விருப்பமில்ல. ஆனா கமிட்டி தானா நிப்பாட்ட ஏலா. நீ கூட்டத்துல எழும்பி, ஒரு வருசம் தவணை வேணும் எண்டு உன்ட வாயால கேளு. அது குறிப்புப் புத்தகத்துல ஏறோணும். கேட்டா நான் தருவன்."

மத்த ரெண்டு ஊட்டுலயும் அதே கதைதான். ஒண்டு, பந்துக்குப் பிரம்பு விக்கிற சீனக் கெழவன்ட ஊடு. அவர் என்ட பந்த வாங்கி, விரலால ஒவ்வொரு பின்னலா நோண்டிப் பார்த்தாரு.

"ஆரு பின்னின?"

"எங்கட ஊர்ல. நூலும் சேர்த்துப் பின்னிருக்கம்."

"பாரம் கூடுதல். ஆனா ஒடையாது" எண்டாரு. "கேளு, கேளு. நானும் கை தூக்குவன்."

ஒரே ஒரு வசனம். அதுக்கு காதர் நானா எனக்கு ரெண்டு நாள் பாடம் நடத்தினாரு. விடியக் கடையில ரொட்டி வீசிக்கிட்டே, "எந்திரிங்க. சலாம் சொல்லுங்க. என்ன கேக்கணும்?"

"ஒரு வருசம் தவணை தாங்க."

"சத்தமா. கடைசி மேசைக்காரனுக்குக் கேக்கணும்."

"ஒரு வருசம் தவணை தாங்க!"

கடைசி மேசையில தேத்தண்ணி குடிச்சவன் தமிழன். "நான் வாங்குன கடனக் கேட்டாக்கூட இப்படி மொரட்டுத்தனமா கேக்க மாட்டாங்கய்யா" எண்டான். கடையே சிரிச்சிச்சி. காக்கா மௌத்தான புறகு நான் சிரிச்ச முதல் நாள் அதுதான். சிரிச்சிட்டு, சிரிச்சதுக்கு மனசு சுட்டிச்சி.

திங்கக்கிழமை பாக் ஹாசிம் என்ன மைதானத்துக்குக் கூட்டிப் போனாரு. அவங்கட நாட்டுக் குழு பழகுது. நடுவுல ஒருத்தன் நிக்கிறான், பக்கத்துல நிக்கிறவன் பந்தப் போட்டுக் குடுக்க, அவன்ட கால் தலைக்கு மேலால எழும்பி அடிக்குது. பந்து வலைக்கு மேலால விசில் மாதிரிப் போகுது. காக்காவும் அப்பிடித்தான் கால் தூக்குவாரு. கடக்கரையால வரக்குள்ள போகக்குள்ள அரைக் கண்ணால பார்த்திருக்கன். நல்லா அடிக்கிறாரா மோசமா அடிக்கிறாரா எண்டுகூட எனக்குத் தெரியா. ஒருநாளாவது நிண்டு முழு ஆட்டம் பார்க்கல்ல. இந்த மலாய்ப் பொடியனுகளப் பார்த்த புறகுதான் எனக்கு வெளங்குது, காக்கா நல்லா அடிச்சிருக்காரு. அத அவருக்கிட்டச் சொல்ல ஏலா.

அவங்க என்னயும் கூப்பிட்டாங்க. நான் சாரன மடிச்சிக் கட்டிக்கிட்டு ஒரு ஒதை ஒதைச்சன். பந்து வாய்க்காலுக்குள்ள போச்சி.

"சிலோன்ல வலை வாய்க்காலுக்குள்ளயா கட்டுறது?" எண்டு கேட்டானாம் ஒருத்தன்.

செவ்வாக்கிழமை அஸர் தொழுகைக்குப் புறகு கூட்டம். அந்தப் படிக்கட்டு அறைக்குள்ள ஏழு பேர், ஒரு காத்தாடி. நான் நெய்த சாரன முதல்லயே பாக் ஹாசிமுக்குக் குடுத்திருந்தன். அவர் அதக் கட்டிக்கிட்டு, மேல வெள்ளச் சட்டையோட வந்திருந்தாரு. கரைய நான் கொஞ்சம் கோணலா நெய்திருக்கன். அது எனக்கு மட்டும்தான் தெரிஞ்சிச்சி.

முதல்ல காக்காக்காக பாத்திஹா ஓதினாங்க. சீனக் கெழவன் எழும்பி, கையக் கட்டிக்கிட்டுத் தலையக் குனிஞ்சாரு. புறகு பாக் ஹாசிம், இந்த ஆள் ஆரு எண்டு எல்லாரும் தெரியட்டும் எண்டு, காக்காட கடுதாசி ஒண்ட எடுத்து வாசிச்சாரு. அவர் எனக்கு நல்லது செய்யத்தான் வாசிச்சது. கமிட்டிட மனசு எளகட்டும் எண்டு. காதர் நானா என்ட காதுக்குள்ள சொல்லிக்கிட்டு வந்தாரு.

"எங்க சங்கத்துக்குக் கட்டடம் இல்ல. என் தம்பியோட தறிக்குப் பக்கத்துல ஒரு மேசை போட்டிருக்கேன். அவன் நெய்யிற சத்தத்துல கூட்டம் நடத்த ஏலாது. ஆனா அவன நிறுத்தச் சொல்ல மாட்டேன். எனக்கு வெளையாடத் தெரியும், அவனுக்கு வேல செய்யத் தெரியும். அவன் நெய்யிறதாலதான் நான் வெளையாடுறேன். ஒருநாள் அவன ஒங்க நாட்டுக்குக் கூட்டிட்டு வந்து ஒரு ஆட்டம் காட்டணும். முழுசா உக்காந்து பாக்க வெக்கணும்."

பாக் ஹாசிம் தாள மடிச்சி வெச்சாரு. தலைவர் கண்ணாடிக்கு மேலால என்னப் பார்த்து, மலாயில கேட்டாரு. காதர் நானா என்ட முழங்கைய இடிச்சாரு.

"சிலோன்ல இருந்து வந்தவருக்கு ஏதாவது கேக்க இருக்கான்னு கேக்குறாரு. எந்திரிங்க தம்பி."

எழும்பினன். கூரை தலையில முட்டிச்சி, குனிஞ்சி நிண்டன். சலாம் சொன்னன். எல்லாரும் பதில் சொன்னாங்க. ஏழு பேரும் என்ட வாயத்தான் பார்க்கிறாங்க. சீனக் கெழவன் மேசைக்கு மேல கைய வெச்சி, தூக்க ஆயத்தமா இருந்தாரு.

"காக்கா மௌத்தாகிட்டாரு" எண்டன்.

காதர் நானா அத மலாயில மாத்திச் சொல்லல்ல. "அது தெரியும் தம்பி. தவணை. தவணையக் கேளுங்க."

ஓம் எண்டு தலையாட்டினன். தொண்டையச் செருமினன். பேச்சு வந்திச்சி, நான் பேசினன். சாரனக் கையால புடிச்சிக்கிட்டு நல்லாச் சத்தமாத்தான் பேசினன். கண்ணால தண்ணி ஓடுறது தெரிஞ்சிச்சி, தொடைக்கல்ல. புறகு குந்தினன்.

தலைவர் காத்திருந்தாரு. காத்தாடி சுத்துது. அவர் காதர் நானாவப் பார்த்தாரு, காதர் நானா நிலத்தப் பார்த்தாரு. அவரா ஒரு சொல்லச் சேர்த்துச் சொல்லிருக்கலாம். ஆனா மௌத்து ஊட்டுச் சொல்லுல கை வைக்க அவருக்கு மனசு வரல்லயாம், புறகு சொன்னாரு. தலைவர் இன்னொருதரம் மெதுவாக் கேட்டாரு. நானும் இன்னொருதரம் எழும்பிச் சொன்னன்.

அதுக்குப் புறகு தலைவர் தாளப் புரட்டினாரு. கைகள் எழும்பிச்சி. ஒண்டு, ரெண்டு, மூணு. சீனக் கெழவன் என்னப் பார்த்துக்கிட்டே தூக்கினாரு. பாக் ஹாசிம் கைதான் கடைசி. தூக்கின கையோட மத்தக் கையால எழுதிக்கிட்டு இருந்தாரு.

நான் தவணை கெடைச்சிட்டுது எண்டு நெனச்சன். எல்லாரும் கை தூக்கிட்டாங்களே எண்டு சந்தோசமா எழும்பி, ஒவ்வொருத்தருக்கும் கை குடுத்தன். அவங்களும் குடுத்தாங்க. ஒருத்தரும் என்ட முகத்தப் பார்க்கல்ல.

வெளிய வந்து மைதானத்துப் புல்லுல ரெண்டு பேரும் நிண்டம்.

"ஏன் தம்பி கேக்கல?" எண்டாரு காதர் நானா.

"கேட்டன்தானே நானா. தந்துட்டாங்கதானே?"

அவர் தொப்பியக் கழட்டி முகத்தத் தொடச்சாரு.

"கொழும்புக்குக் குடுத்துட்டாக தம்பி. நீங்க ஒண்ணும் கேக்கல. காக்கா மௌத்தாகிட்டாருன்னுதான் மூணு தடவ சொன்னீக."